கேடலினா 22: பெயர் ஒன்று, படகு நான்கு

அமெரிக்காவில் பழைய டிரெய்லர் பாய்மரப் படகு தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் கேடலினா 22தான். 15,000க்கும் மேல் கட்டப்பட்ட படகு. ஏரிக்கரைகளிலும் வீட்டுப் பின்கட்டுகளிலும் தார்ப்பாய்க்கு அடியில் இன்றும் நிறையக் கிடக்கின்றன. "கேடலினா 22, நல்ல நிலையில், டிரெய்லருடன்" என்று விளம்பரம் வரும். அந்த ஒரு வரியை வைத்து விலை பேசக் கூடாது. இந்தப் பெயரில் வந்தவை நான்கு தலைமுறைப் படகுகள். கீலிலும் மூன்று வகை உண்டு. எந்த ஆண்டு, எந்தக் கீல் என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் என்ன வாங்குகிறோம் என்றே சொல்ல முடியும்.

கீல் என்பது படகின் அடியில் நீருக்குள் இறங்கி, எடையாலும் பரப்பாலும் படகைக் கவிழாமலும் பக்கவாட்டில் ஒதுங்காமலும் பிடித்து நிறுத்தும் உறுப்பு. நம் கப்பல் தச்சர்கள் ஏரா என்பார்கள். இந்தப் படகின் நல்லதும் கெட்டதும் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

முதலில் வரலாறு. ஃபிராங்க் பட்லர் கலிஃபோர்னியாவில் நடத்திவந்த கொரனாடோ யாட்ஸ் நிறுவனத்தை விட்டாக்கர் கார்ப்பரேஷனுக்கு விற்றார். பிறகு அங்கிருந்து வெளியேறி, அதே கலிஃபோர்னியாவில் கேடலினா யாட்ஸைத் தொடங்கினார். 1969இல் அவர் வரைந்த 22 அடிப் படகுதான் அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. சாதாரணக் குடும்பக் காரின் பின்னால் கட்டி இழுக்கலாம், கரைச்சரிவில் நீருக்குள் இறக்கலாம், இரவு உள்ளேயே படுத்துத் தூங்கலாம் என்பதுதான் அவர் நோக்கம். அமெரிக்கன் செயில்போட் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியல் தொடங்கியபோதே அதில் இடம்பெற்ற ஐந்து படகுகளில் இதுவும் ஒன்று. பிரிட்டனில் ஜாகுவார் 22 என்றும் ஆஸ்திரேலியாவில் பூமரூ 22 என்றும் உரிமம் பெற்றுக் கட்டினார்கள். அந்த நாடுகளில் வாங்குகிறவர்கள் கீல் பற்றி இங்கே சொல்வதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். எண்களைப் படிக்கும் முறை மட்டும் அமெரிக்கப் படகுகளுக்கானது.

அளவுகள் இவை. நீளம் 21 அடி 6 அங்குலம் (6.55 மீ.), நீர்க்கோட்டில் 19 அடி 4 அங்குலம் (5.89 மீ.), அகலம் 7 அடி 8 அங்குலம் (2.34 மீ.). ஸ்விங் கீல் (மேலே மடக்கித் தூக்கக்கூடிய கீல்) வகையின் எடை 2,250 பவுண்டு (1,020 கிலோ). அதில் 550 பவுண்டு, அதாவது 250 கிலோ, வார்ப்பிரும்புக் கீல். கீலைத் தூக்கினால் 2 அடி ஆழம் போதும். இறக்கினால் 5 அடி வேண்டும். பாய்களின் பரப்பு 212 சதுர அடி. அந்த அகலத்தைக் கவனியுங்கள். சாலையில் 8 அடிக்கு மேல் அகலம் கூடாது என்பது வழக்கமாக இருந்த காலத்தில் பிறந்த படகு இது. இந்த எண் பின்னால் ஒரு தலைமுறையில் மாறும்.

எண்ணைப் படிப்பது

வாங்கப் போகும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் கேபின் அல்ல, படகின் பின்சுவர். அதன் வலது மேல் மூலையில், விளிம்பை ஒட்டி 12 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஹல் (படகின் உடல்) அடையாள எண் பதிந்திருக்கும். 1972 நவம்பர் முதல் அமெரிக்காவில் இது கட்டாயம். ஆகவே 1969 முதல் 1972 வரையிலான தொடக்க காலப் படகுகளில் இந்த எண் இல்லாததில் தவறில்லை. அவற்றுக்குப் பதிவு ஆவணமும் ஹல் வரிசை எண்ணும்தான் சாட்சி.

முதல் மூன்று எழுத்துகள் கட்டியவரின் குறியீடு. கேடலினாவுக்கு சி.டி.ஒய். அடுத்த ஐந்து இடங்கள் தொழிற்சாலை கொடுத்த வரிசை. கடைசி நான்கு இடங்கள்தான் காலத்தைச் சொல்கின்றன, குழப்பமும் அங்கேதான். 1984 வரை இரண்டு முறைகள் புழக்கத்தில் இருந்தன. ஒன்று நேரடியானது: 0678 என்றால் 1978 ஜூன். மற்றது எம் என்ற எழுத்தில் தொடங்கும்: எம்79இ என்பது போல. இதில் 79 என்பது மாடல் ஆண்டு. கடைசி எழுத்து மாதம். ஆனால் கணக்கு ஜனவரியில் தொடங்காது, ஆகஸ்டில் தொடங்கும். ஏ என்றால் ஆகஸ்ட், பி செப்டம்பர், இ டிசம்பர். ஆகவே எம்79இ என்ற படகு 1979ஆம் ஆண்டு மாடலாக விற்கப்பட்டாலும் அச்சிலிருந்து வெளிவந்தது 1978 டிசம்பரில்.

1984 ஆகஸ்ட் முதல் முறை மாறியது. இப்போது எழுத்து முதலில் வரும், ஏ என்றால் ஜனவரி. அடுத்து கட்டிய ஆண்டின் கடைசி இலக்கம், அதற்கடுத்து மாடல் ஆண்டின் இரண்டு இலக்கங்கள். கே586 என்று முடிந்தால் 1985 நவம்பரில் கட்டிய, 1986ஆம் ஆண்டு மாடல் படகு. இது ஏன் முக்கியம் என்றால், இரண்டாம் தலைமுறை தொடங்கியதே 1986 மாடலில்தான். பதிவுத் தாளில் 1985 என்று இருப்பதைப் பார்த்துப் பழைய படகு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களும் உண்டு. 1986 என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி 1985 மாடலுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு. அந்த நான்கு இடங்கள் இரண்டு தவறையும் தடுத்துவிடும்.

பாயில் தைத்திருக்கும் எண்ணையும் ஹல் வரிசை எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வகுப்பில் பாய் எண் ஹல் எண்ணாகவே இருப்பது வழக்கம். பொருந்தாவிட்டால் பாய் வேறொரு படகிலிருந்து வந்தது என்று பொருள். குற்றமில்லை. ஆனால் "பாய் படகோடு வந்தது, அதிகம் பயன்படுத்தவே இல்லை" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகும்.

நான்கு தலைமுறைகள்

1969 முதல் 1985 வரை முதல் தலைமுறை. கட்டியவற்றில் பெரும்பங்கு இதுதான். சந்தையில் மலிவாகக் கிடைப்பதும் இதுதான். ஹல் வெறும் ஃபைபர் அடுக்கு, உள்ளே மரமோ நுரையோ இல்லை. அதனால் ஹல் அழுகும் என்ற கவலை வேண்டாம். டெக்கில் (மேல்தளத்தில்) அப்படியில்லை, இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே ப்ளைவுட் இருக்கிறது. பல படகுகளில் கேபின் கூரை மேலெழும் பாப்-டாப் உண்டு. நங்கூரமிட்டு நிற்கும்போது அதைத் தூக்கினால் நிமிர்ந்து நிற்கலாம். இந்தத் தலைமுறையின் பெரிய குறை பெட்ரோல் டாங்க் வைக்கும் இடம். காக்பிட் (ஓட்டுபவர் உட்காரும் திறந்த பகுதி) இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில்தான் வைக்க வேண்டும், அந்தப் பெட்டி கேபினுக்கும் படகின் அடிப்பகுதிக்கும் திறந்தே கிடக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் அடியில் போய்த் தேங்கும். அங்கே பேட்டரி சுவிட்ச் ஒரு பொறி தட்டினால் போதும். முதல் தலைமுறைப் படகு வாங்குகிறவர்கள் டாங்கை உள்ளேயே கொண்ட சிறிய அவுட்போர்டு மோட்டாரை வைத்துக்கொள்வது நல்லது. 4 முதல் 6 குதிரைத்திறன், நீளத்தண்டு வகை, இந்தப் படகுக்குப் போதும்.

1986இல் "நியூ டிசைன்" என்ற பெயரில் இரண்டாம் தலைமுறை. டெக் அச்சு புதிது, மின் பலகை ஒழுங்கானது. எல்லாவற்றையும்விட, பெட்ரோலுக்கென்று கேபினோடு தொடர்பில்லாத தனிப் பெட்டி வந்தது. அந்த ஒரு மாற்றத்துக்காகவே கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். 1980களின் பிற்பகுதியில் விங் கீல் என்ற மூன்றாவது தேர்வும் சேர்ந்தது.

1995இல் மார்க் 2. நீருக்கு மேலே ஹல் விரிந்து, டெக்கில் அகலம் 8 அடி 4 அங்குலமானது. அமெரிக்காவின் முக்கியச் சாலைகளில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 8 அடி 6 அங்குலம் வரை அனுமதி என்பதால் டிரெய்லரில் ஏற்றிப் போகத் தடையில்லை. உள்ளே போய் உட்கார்ந்தால் வித்தியாசம் உடனே தெரியும். தோள் இடிக்காது. குடும்பத்தோடு இரண்டு மூன்று இரவு தங்கப் போகிறவர்களுக்கு இந்தத் தலைமுறைதான் சரி.

2004இல் கேடலினா 22 ஸ்போர்ட். பந்தயக்காரர்களுக்காக முதல் தலைமுறையின் அளவுகளுக்கே திரும்பிய படகு. ஒரே வகுப்புப் படகுகள் சமமாக மோத வேண்டும் என்றால் அளவு மாறக் கூடாது. அகலமான மார்க் 2ஐ அடுத்து இப்படி ஒன்று தேவைப்பட்டது. பந்தயம் உங்கள் நோக்கம் இல்லையென்றால் இதைத் தேடி அலைய வேண்டாம்.

கேப்ரி 22 என்ற பெயரையும் இதே நிறுவனத்தின் விளம்பரங்களில் பார்ப்பீர்கள். அது வேறு படகு, வேறு வடிவம். உதிரிப் பாகம் வாங்கும்போது இரண்டையும் குழப்பிக்கொண்டால் பணம் வீண்.

கீல்: இங்கே நிதானமாகப் பாருங்கள்

ஃபின் கீல் வகை படகோடு நிலையாகப் பொருத்தியது. சுமார் 100 கிலோ கூடுதல் எடை, காற்றுக்கு எதிராகச் சற்று நன்றாக ஏறும், அசையும் உறுப்பு எதுவும் இல்லை. ஆனால் மூன்றரை அடி ஆழம் வேண்டும் என்பதால் சாதாரணச் சரிவில் டிரெய்லரை முழுக நீருக்குள் விட்டாலும் படகு மிதக்காது. கிரேன் இருக்கும் மரீனாவில் (படகுகள் நிறுத்தும் துறையில்) நிரந்தரமாக நிறுத்துகிறவர்களுக்கானது. விங் கீல் இரண்டரை அடியில் நிற்கும், சரிவில் இறக்கிவிடலாம். ஆனால் சேற்றில் மாட்டினால் இறக்கை நங்கூரம் போலப் பிடித்துக்கொள்ளும். சாய்த்து விடுவிக்கலாம் என்று படகைச் சாய்த்தால் ஒரு பக்க இறக்கை இன்னும் ஆழமாக இறங்கும்.

டிரெய்லர் படகு என்ற பெயருக்குப் பொருத்தமானது ஸ்விங் கீல்தான். பராமரிப்பு கேட்பதும் அதுதான்.

அமைப்பு இப்படி. கீலின் முன்முனை ஒரு அங்குலத் தடிமனுள்ள பின்னில் (குறுக்கே செருகிய உலோகத் தண்டில்) தொங்குகிறது. அந்தப் பின்னின் இரு முனைகளையும் படகின் அடியில் போல்ட் போட்ட இரண்டு ஹேங்கர்கள் தாங்குகின்றன. கீலின் பின்விளிம்பில் ஒரு ஸ்டெயின்லெஸ் கேபிள் மாட்டியிருக்கும், சுமார் 5 மி.மீ. தடிமன். அது மேலே ஏறி, ரப்பர் குழாய் வழியாகப் படகுக்குள் நுழைந்து, ஒரு உருளைப் பந்தின்மேல் திரும்பி, கேபின் படிக்குக் கீழே உள்ள கைவின்ச்சில் சுற்றிக்கொள்கிறது. குழாய் ஹல்லோடு சேரும் கூம்பு வடிவப் பகுதியை இந்தப் படகுக்காரர்கள் வால்கேனோ என்றே அழைக்கிறார்கள். பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், உதிரிப் பாகக் கடையில் அப்படித்தான் கேட்க வேண்டும்.

இந்த அமைப்பில் ஐந்து இடங்கள் பழுதாகும்.

முதலாவது கேபிள். உப்புநீரில் ஸ்டெயின்லெஸ் கம்பியும் உள்ளிருந்து அரிக்கும், மேலே பளபளவென்றே இருக்கும். ஒரு பழந்துணியை இறுக்கிப் பிடித்துக் கேபிள் நெடுக இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது நூல் சிக்கினால் அங்கே இழை அறுந்திருக்கிறது. ஒரே ஒரு இழை என்றாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். உருளைப் பந்தின்மேல் வளையும் இடமும் கீலோடு சேரும் கண்ணியும்தான் முதலில் போகும். கேபிள் அறுந்தால் என்ன ஆகும்? 250 கிலோ வார்ப்பிரும்பு பின்னைச் சுற்றிச் சுழன்று இறங்கி, ஹல்லில் கீல் மடங்கி உட்காரும் பள்ளத்தின் முன்சுவரில் போய் மோதும். பள்ளத்தின் முன்மூலையில் ஃபைபர் விரிசல் விடும், ஹேங்கர் போல்ட்டுகள் தளரும், தண்ணீர் உள்ளே வரும். ஆகவே வாங்கும் படகைப் படுத்துப் பார்க்கும்போது அந்த முன்மூலையில் டார்ச் அடியுங்கள். புதுப் பெயின்ட் அங்கே மட்டும் திட்டாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

இரண்டாவது பின்னும் அதன் துளையும். ஒவ்வொரு அலையிலும், சாலையின் ஒவ்வொரு குழியிலும் கீல் பக்கவாட்டில் ஆடுகிறது. நாளடைவில் வட்டத்துளை நீள்வட்டமாகும். வெண்கலமும் இரும்பும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பில் தேய்வது இரும்புதான் என்பதால் அது இன்னும் வேகமாக நடக்கும். சோதனை எளிது. படகு டிரெய்லரில் இருக்கும்போது கீலைத் தாங்குகட்டையிலிருந்து சற்றே மேலே ஏற்றி, கீழ் முனையைப் பிடித்து இடதும் வலதும் ஆட்டுங்கள். கொஞ்சம் அசைவது இயல்பு. 'டக்' என்று உலோகச் சத்தம் கேட்டால் பின்னைக் கழற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. படகுக்குக் கீழே கை நீட்டுவதற்கு முன் கீலுக்கு அடியில் ஜாக் கொடுத்துவிடுங்கள், கேபிளை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது.

மூன்றாவது குழாய். நீர்மட்டத்தை ஒட்டியே இருப்பதால் படகில் ஆள் ஏறி எடை கூடும்போது அந்த மூட்டு தண்ணீருக்குள் போய்விடும். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தாலோ கவ்விகள் துருப்பிடித்திருந்தாலோ படகின் மையத்தில் ஒரு ஓட்டையை வைத்துக்கொண்டு பயணம் செய்கிறோம். குழாய்க்கும் கவ்விகளுக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிடுவதுதான் சரி.

நான்காவது வின்ச். பழைய படகுகளில் பிரேக் இல்லாத வின்ச் இன்னும் இருக்கலாம். கீலை இறக்கும்போது கைப்பிடி நழுவினால் அது விசிறியாகச் சுழலும், மணிக்கட்டு உடையும். பிரேக் உள்ளதாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு பற்சக்கரங்களுக்கு மட்டும் கிரீஸ் போடுங்கள். உராய்வுத் தட்டுகளில் எண்ணெய் பட்டால் பிரேக் வழுக்கும். "பிரேக் வின்ச்தான், ஆனாலும் கீல் தானாக இறங்குகிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஐந்தாவது இரும்பே. துரு தன் இடத்தைவிடப் பல மடங்கு பெருகும் பொருள். மேல்பூச்சுக்கு அடியில் கொப்புளம் விட்டு வீங்கினால் கீல் பள்ளத்துக்குள் இறுகிக்கொள்ளும். தண்ணீரில் இறக்கி, வின்ச்சைத் தளர்த்தினால் கேபிள் தொய்யும், கீல் இறங்காது. இந்த நேரத்தில் கேபிளை நிறையத் தளர்த்திவிட்டுப் படகைக் குலுக்குவது ஆபத்து. திடீரென்று விடுபட்டால் கேபிள் அறுந்து விழுந்ததற்குச் சமமான அடி. தொய்வு இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பள்ளத்தின் பக்கமாக மெல்லிய மரச்சட்டத்தால் கீலைத் தள்ளி விடுவிக்க வேண்டும்.

கீலைக் கழற்றும் வேலை இரண்டு பேருக்கு ஒரு வாரயிறுதி. படகைப் பட்டைகளில் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். கீலை உருளும் ஜாக்கில் முழுதாகத் தாங்கவிட்டு, கேபிளைக் கழற்றுங்கள். பிறகு ஹேங்கர் போல்ட்டுகள். வெளியே வந்ததும் பின்னின் விட்டத்தை நடுவிலும் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். துளை நீண்டிருந்தால் பெரிதாகக் குடைந்து ஸ்லீவ் (உள்ளே பொருத்தும் உலோகக் குழல்) போட வேண்டும். புதுப் பின்னை மட்டும் போட்டால் ஆறு மாதத்தில் பழைய ஆட்டம் திரும்பிவிடும். இரும்பை மணல் வீச்சில் வெள்ளையாகும்வரை சுத்தம் செய்து, அன்றே எபாக்ஸி முதல் பூச்சு ஏற்ற வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரவு ஈரத்திலேயே மெல்லிய துரு படிந்து, அதன்மேல் போட்ட பூச்சு உரியும். பூச்சு எத்தனை அடுக்கு என்று முடிவு செய்யும் முன் ஹல் பள்ளத்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். அழகாக, தடிமனாகப் பூசி, கடைசியில் கீல் உள்ளே நுழையாமல் தேய்க்க உட்கார்ந்தவர்கள் பலர். செம்பு கலந்த அடிப்பெயின்டை வெறும் இரும்பின்மேல் பூசவே கூடாது. திரும்ப மாட்டும்போது பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கீலின் இருபுறமும் ஸ்பேசர் கொடுங்கள். கீல் முழுதாக இறங்கிய நிலையிலும் வின்ச் உருளையில் மூன்று நான்கு சுற்றுக் கேபிள் மிச்சம் இருக்கும்படி நீளத்தை வெட்டுங்கள்.

கீல் இறங்கியிருக்கும்போது ஓடும் படகில் ஒரு ரீங்காரம் கேட்கும். நீரோட்டத்தில் கேபிள் அதிர்வதுதான். பழுதல்ல. கேபிளை ஓரமாக இழுத்துப் பிடிக்கும் ஸ்னப்பர் போட்டால் நின்றுவிடும். கீலைப் பூட்டும் போல்ட் ஒன்றும் உண்டு. ஆழம் குறைந்த, தரை தட்டக்கூடிய இடத்தில் அதைத் தளர்த்தி வையுங்கள். தட்டினால் கீல் மடங்கி மேலே போகும், பள்ளம் தப்பும். அலை அதிகமான திறந்த நீரில் இறுக்கிவிடுங்கள். படகு மிக அதிகமாகச் சாய்ந்தால் பூட்டாத கீல் பள்ளத்துக்குள் திரும்ப விழும். எடை மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது இல்லாமல் போகும்.

மற்றவை

டெக்கை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே நடங்கள். கணீர் என்று ஒலித்த இடம் நல்லது, பொத்தென்று ஒலித்த இடத்தில் ப்ளைவுட் நனைந்திருக்கிறது. கைப்பிடிக் கம்பிகளின் அடித்தட்டு, பாய்மரம் நிற்கும் இடம், அதை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் பக்கக் கம்பிகள் டெக்கில் இறங்கும் இடம் மூன்றையும் விடாதீர்கள். பாய்மரத்தின் சுமை கேபினுக்குள் ஒரு தாங்குதூண் வழியாக அடிக்கு இறங்குகிறது. கம்பிகளை இறுக்கியும் தளர்ந்துகொண்டே இருந்தால், கம்பியைச் சந்தேகிப்பதற்கு முன் அந்தத் தூணின் மேல்முனையில் டெக் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய படகுகளில் கீழ்ப் பக்கக் கம்பிகளைப் பிடிப்பது வளைத்துச் செய்த கண் போல்ட்டுகள். கம்பி இழுக்கும் கோணம் போல்ட்டின் நேர்கோட்டில் இல்லாததால் ஒவ்வொரு முறையும் அது வளைந்து நிமிர்கிறது, கடைசியில் கழுத்தில் ஒடிகிறது. நேர்த்தகடு வகையாக மாற்றுவது நியாயமான செலவு. வடிகால்களில் பித்தளை கேட் வால்வு இருந்தால் அதையும் பந்து வால்வாக மாற்றுங்கள். கேட் வால்வின் தண்டு உள்ளே அரித்துப் போயிருந்தாலும் மேலே கைப்பிடி சுழலும். மூடிவிட்டோம் என்று நினைப்போம், மூடியிருக்காது.

பாய்மரம் சுமார் ஏழரை மீட்டர், அலுமினியம். பின்புறமாகச் சாய்ந்து கிடப்பதை இரண்டு பேர் நிமிர்த்திவிடலாம். மேல் பக்கக் கம்பிகளையும் பின்பக்கத்துக் கீழ்க் கம்பிகளையும் முன்பே மாட்டி வைத்து, கம்பிகள் எங்கும் முறுக்கிச் சிக்கவில்லை என்று பார்த்த பிறகு தூக்குங்கள். ஒருவர் தோள்கொடுத்து ஏற்ற, மற்றவர் முன்னால் நின்று முன்கம்பியை இழுத்து மாட்டும்வரை முதல் ஆள் கையை எடுக்கக் கூடாது. அதற்கும் முன்னால் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று ஒரு முறை சுற்றிப் பாருங்கள். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியைத் தொட்டு உயிர்கள் போயிருக்கின்றன.

ஓட்டத்தைப் பற்றிச் சொன்னால், தொடக்கத்தில் சட்டென்று சாய்ந்து, பிறகு பிடித்து நிற்கும் படகு இது. புதியவர்களுக்கு முதல் அரைமணி பயமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். காற்று மணிக்கு 15 கடல் மைல் வேகத்தை நெருங்கும்போது பெரிய பாயைச் சுருக்கிவிடுங்கள். சுக்கான் கையை இழுத்தபடியே இருந்தால் பலர் கீலைக் குறை சொல்வார்கள். நீண்டு தொய்ந்த பழைய பாய், அதிகச் சாய்வு, பின்னால் சரிந்த சுக்கான் பலகை என்ற மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணம். சுக்கான் பலகை செங்குத்தாக நிற்கும்படி சரிசெய்தாலே பாதி பாரம் குறையும்.

இதே காலத்து மெக்கிரெகரின் வென்ச்சர் வரிசைப் படகுகள் இதைவிட இலேசானவை, சிறிய காருக்கு ஏற்றவை. அவற்றை விட்டுவிட்டு இதைப் பரிந்துரைக்க வலுவான காரணம் உதிரிப் பாகம். கலிஃபோர்னியாவின் கேடலினா டைரக்ட் போன்ற கடைகளில் ஐம்பது ஆண்டு பழைய படகுக்கும் கீல் பின், ஹேங்கர், உருளைப் பந்து, குழாய், சுக்கான் பூட்டு என்று தனித்தனியாகக் கிடைக்கின்றன. கட்டிய எண்ணிக்கை அவ்வளவு பெரியது என்பதால் கிடைக்கும் பலன் இது.

நம் தேர்வு: டிரெய்லரில் ஏற்றி ஏரிக்கு ஏரி போகிறவர்களுக்கு 1986 முதல் வந்த நியூ டிசைன், ஸ்விங் கீல், முடிந்தால் நன்னீரிலேயே இருந்த படகு. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் 1980களின் தொடக்கத்தில் வந்த முதல் தலைமுறைப் படகு. கீல் வேலை செய்ததற்கான ரசீது இருந்தால் தயங்காமல் வாங்கலாம். உப்புநீரில் பல ஆண்டு நின்ற, கீல் ஒருமுறையும் கழற்றாத 1970களின் படகை இனாமாகக் கொடுத்தாலும் மேலே சொன்ன ஐந்து வேலைகளின் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கை நீட்டுங்கள்.

டிரெய்லரைக் கடைசிக்கு விட்டுவிடாதீர்கள். படகுக்கும் டிரெய்லருக்கும் தனித்தனி எண். பல மாநிலங்களில் டிரெய்லருக்குத் தனியாக உரிமைச் சான்றும் உண்டு. படகின் தாள் மட்டும் வாங்கி வந்து, டிரெய்லரைப் பதிவு செய்ய முடியாமல் மாதக்கணக்கில் அலைவது நடக்கிற கதை. டிரெய்லர் சட்டத்தின் நடுவில், கீல் உட்காரும் தாங்குகட்டையைப் பாருங்கள். கட்டை இல்லையென்றால், அல்லது கீல் பட்ட தடமே அதில் இல்லையென்றால், இத்தனை ஆண்டும் 250 கிலோ கேபிளிலும் பின்னிலும் தொங்கியபடியே சாலையில் குலுங்கி வந்திருக்கிறது. அந்தப் படகில் பின்னை முதலில் அளந்து பாருங்கள்.